இணையவழியில் ஆசிரியர் பட்டம்: சிங்கப்பூரிலிருந்து படிக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை பிற்பகல், தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும் நேரம். கதவோரம் நிற்கும் அம்மாக்களில் யாராவது ஒருவர் கடைசிவரை காத்திருந்து மெதுவாகக் கேட்பார்: "டீச்சர், நானும் டீச்சருக்குப் படிக்கலாம்னு இருக்கேன். ஆன்லைன்ல படிச்சா செல்லுமா?" இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. சிலர் பணத்தைக் கட்டிவிட்டு வந்து கேட்கிறார்கள். அப்போது எனக்கு வயிற்றைப் பிசையும். கட்டுவதற்கு முன்பே படிக்கக் கிடைக்கட்டும் என்றுதான் கேட்ட கேள்விகளையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கும்பகோணத்தில் தமிழ் எம்.ஏ. படித்தேன். கல்யாணமாகி ஈசூனுக்கு வந்து, நிரந்தரவாசியாகி, ஆறு ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதினேன். 36 வயதில் ஒரு தனியார் பள்ளியில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்து, பிரிட்டனிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஓராண்டு இணையவழி ஆசிரியர் படிப்பை முடித்தேன். அதற்கு முன் தப்பான ஒரு படிப்பில் பணத்தையும் ஓராண்டையும் தொலைத்திருந்தேன். அந்தக் கதையும் கீழே வருகிறது.

முழுக்க முழுக்க இணையத்திலேயே படித்து ஆசிரியராகிவிட முடியுமா?

பாதிதான் முடியும். கல்வி உளவியல், பாடத்திட்டம், மதிப்பீடு இதையெல்லாம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே படிக்கலாம். கட்டுரை எழுதி அனுப்பலாம், திரையில் கலந்துரையாடலாம். ஆனால் கற்பித்தல் பயிற்சிக்குப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பறை வேண்டும், பின்னால் உட்கார்ந்து உங்களைக் கவனிக்கும் ஒரு மூத்த ஆசிரியர் வேண்டும். இந்தியாவின் இரண்டாண்டு பி.எட்.டில் குறைந்தது 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இளநிலைப் படிப்பென்றால் 80 நாள், பட்டதாரிகளுக்கான முதுநிலைப் படிப்பென்றால் 60 நாள். நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். ஆனால் ஆசிரியர் தகுதி தரும் எந்த நல்ல அமைப்பும் இதை விட்டுக்கொடுப்பதில்லை.

இங்கே பலரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. கல்வியியலில் பட்டம் வேறு, ஆசிரியர் தகுதி வேறு. இணையத்தில் எம்.ஏ. கல்வியியல் படித்தால், கல்வி என்ற துறையைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள். அது நல்ல படிப்புதான். ஆனால் அதை வைத்து எந்த நாட்டு ஆசிரியர் பதிவேட்டிலும் பெயர் ஏறாது. விளம்பரத்தில் இரண்டுமே 'டீச்சிங் டிகிரி' என்றுதான் இருக்கும். பாடத்திட்டப் பக்கத்தைத் திறந்து, பள்ளியில் எத்தனை நாள் என்று தேடுங்கள். அந்த எண் கண்ணில் படவில்லையென்றால் அது முதல் வகை.

2020இல் பாடமே இணையத்தில்தானே நடந்தது? வகுப்பறை இல்லாமல் ஆசிரியராகக் கற்றுக்கொண்டால் என்ன?

2020 ஏப்ரல் 8ஆம் தேதி சிங்கப்பூர்ப் பள்ளிகள் எல்லாம் வீட்டிலிருந்தே கற்றலுக்கு மாறின. ஆசிரியர்கள் சமாளித்ததற்குக் காரணம், அந்தப் பிள்ளைகளை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். யார் வாய்திறக்க மாட்டான், யார் புரியாமலே தலையாட்டுவாள் என்பதெல்லாம் வகுப்பறையில் பார்த்துப் பழகியது.

என் கதையைச் சொல்கிறேன். கண்காணிப்பில் நான் எடுத்த முதல் பாடம் தொடக்கநிலை மூன்றுக்கு, ல, ள, ழ ஒலிகள். நான்கு இரவு கண்விழித்து வண்ணவண்ணமாய்ப் படவில்லைகள் செய்திருந்தேன். வழிகாட்டி ஆசிரியை பின்வரிசையில் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ கோடு போட்டுக்கொண்டே இருந்தார். பாடம் முடிந்ததும் நோட்டைக் காட்டினார். இரண்டு பத்தி: நான் பேசிய நிமிடங்கள், பிள்ளைகள் பேசிய நிமிடங்கள். 40 நிமிடத்தில் 31 நிமிடம் நானே பேசியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு பெண்ணின் பெயர். "இவ 'மழை'ன்னு எழுதிட்டு 'மலை'ன்னு வாசிச்சா. நீங்க 'வெரி குட்'னு சொல்லிட்டுப் போயிட்டீங்க" என்றார். எனக்கு அது காதிலேயே விழவில்லை. அடுத்து என்ன சொல்வது என்பதிலேயே என் மனம் முழுக்க இருந்தது.

மறுவாரம் அவரே செய்துகாட்டினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்னக் கைக்கண்ணாடி. ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் பின்பக்கம் தொடுவதைப் பார்க்க வைத்தார். ள சொல்லும்போது நாக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும். ழ சொல்லும்போது இன்னும் வளைந்து, தொடாமல் நிற்கும். "தொடக்கூடாது, தொடக்கூடாது" என்று பிள்ளைகள் கண்ணாடியில் நாக்கைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள். அந்தப் பெண் நான்காவது முறை 'மழை' என்று சரியாகச் சொன்னாள். ஒலியியல் பாடத்தில் இதே செய்தியை நான் படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிக் கொண்டுபோவது என்பது அந்த நோட்டிலும் அந்தக் கண்ணாடியிலும்தான் எனக்குக் கிடைத்தது.

இணையவழிப் பட்டத்தை வைத்து சிங்கப்பூரின் கல்வி அமைச்சுப் பள்ளிகளில் சேரலாமா?

பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஊரில் முதலில் பி.எட். படிப்போம், அப்புறம் வேலை தேடுவோம். இங்கே வரிசை தலைகீழ். முதலில் கல்வி அமைச்சுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அமைச்சு உங்களைத் தேர்ந்தெடுத்தால், பெரும்பாலும் சில காலம் ஒரு பள்ளியில் வகுப்பெடுக்க வைத்துப் பார்க்கும். அதன்பிறகு தேசியக் கல்விக் கழகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பும். அமைச்சுப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குத் தொடக்கப் பயிற்சி தரும் இடம் நாட்டில் இந்த ஒன்றுதான். 1991இல் உருவாகி, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக இயங்குகிறது. பட்டதாரிகளுக்கான பட்டயப் படிப்பு ஒன்றரை ஆண்டுக்கும் குறைவானது. படிக்கும் காலத்தில் சம்பளம் உண்டு, கட்டணத்தையும் அமைச்சே ஏற்கும். பதிலுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்ற ஒப்பந்தம் எழுத வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். சம்பளத்தோடு பயிற்சி தரும் வழி இருக்கும்போது, கைக்காசைச் செலவழித்து வெளிநாட்டு இணையப் பட்டம் வாங்கிக்கொண்டு அமைச்சின் கதவைத் தட்டுவதில் என்ன பயன்? அமைச்சு முதலில் பார்ப்பது உங்கள் அடிப்படைப் பட்டத்தையும், நீங்கள் கற்பிக்கப்போகும் பாடத்தில் உங்களுக்குள்ள ஆழத்தையும்தான். அமைச்சுப் பள்ளிதான் உங்கள் கனவு என்றால், ஒரு வெள்ளிகூடச் செலவழிக்கும் முன் அமைச்சுக்கு விண்ணப்பம் போடுங்கள். அங்கே 'முடியாது' என்று பதில் வந்தபிறகு மற்ற வழிகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் இணையவழிப் பட்டம் யாருக்குத்தான் பயன்படும்?

பன்னாட்டுப் பள்ளியிலோ தனியார் பள்ளியிலோ ஏற்கெனவே உதவியாளராகவோ பாட ஆசிரியராகவோ இருந்து, கையில் ஆசிரியர் தகுதி இல்லாதவர்களுக்கு நன்றாகப் பயன்படும். இன்னும் சில ஆண்டுகளில் பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகத் திட்டமிட்டிருப்பவர்களுக்கும் பயன்படும். எந்தப் பள்ளியில் நிற்கப்போகிறோம் என்று தெரியாமல், 'ஒரு பட்டம் இருக்கட்டுமே' என்று சேர்பவர்களை மட்டும் நான் தடுப்பேன்.

வெளிநாட்டுப் பட்டங்களை மொத்தமாக 'அங்கீகரிக்கும்' அரசாங்கப் பட்டியல் எதுவும் சிங்கப்பூரில் இல்லை. ஒரு பட்டத்தை ஏற்பதா இல்லையா என்று முடிவுசெய்வது வேலை தருபவர். அதனால் 'சிங்கப்பூரில் அங்கீகாரம் பெற்றது' என்று ஒரு முகவர் சொன்னால், 'யார் அங்கீகரித்தது?' என்று திருப்பிக் கேளுங்கள்.

இங்கிருந்தபடியே தமிழ்நாட்டு பி.எட். படிக்க முடியுமா? 'வராமலே பி.எட்.' என்று சொல்கிறார்களே?

அந்த வார்த்தையைக் கேட்டதும் போனை வைத்துவிடுங்கள்.

இந்தியாவில் பி.எட்.டுக்கு விதி வகுப்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அதன் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, வழக்கமான பி.எட்.டில் வகுப்புகளுக்கு 80 விழுக்காடும் பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே ஒருவர் அந்த வருகையைக் காட்டினார் என்றால் வருகைப் பதிவேடு பொய். அந்தப் பட்டம் பல்கலைக்கழகத்தின் உண்மையான முத்திரையோடே வரலாம். ஆனால் உங்கள் கடப்பிதழில் குடிநுழைவு முத்திரைகளும் வேலைச் சான்றிதழில் தேதிகளும் இருக்கின்றனவே! இரண்டையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாளில் உங்கள் பெயர்தான் கெடும். முகவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

தொலைநிலை பி.எட். என்று முறையாகவே ஒன்று உண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நடத்துபவை அந்த வகை. ஆனால் அது எல்லாருக்கும் திறந்த கதவு இல்லை. தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்றுப் பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கும், நேரடி வகுப்பில் ஓர் ஆசிரியர் பயிற்சியை ஏற்கெனவே முடித்தவர்களுக்கும்தான் அது. ஊரில் ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்துவிட்டு இங்கே வந்திருக்கும் சகோதரிகள் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு வழி இருக்கலாம், நேர்முக வகுப்புகளுக்கு ஊருக்குப் போய்வரக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் பி.ஏ.வோ பி.எஸ்ஸி.யோ மட்டும் இருப்பவர்களுக்கு, இரண்டு ஆண்டு ஊரில் தங்கிப் படிப்பதுதான் நேர்மையான பி.எட்.

பிரிட்டனின் பிஜிசிஇ, சர்வதேச பிஜிசிஇ, கியூடிஎஸ், ஐகியூடிஎஸ்... தலை சுற்றுகிறது. எது எது?

மெதுவாகப் பார்ப்போம். பிஜிசிஇ என்பது பல்கலைக்கழகம் தரும் ஒரு கல்விச் சான்றிதழ். கியூடிஎஸ் என்பது 'தகுதிபெற்ற ஆசிரியர்' என்று இங்கிலாந்தில் தரப்படும் நிலை. இங்கிலாந்துக்குள் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே வாங்குகிறார்கள், அதனால் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் பரவிவிட்டது.

சர்வதேச பிஜிசிஇ என்று இணையத்தில் வருவதில் பொதுவாகக் கியூடிஎஸ் கிடையாது. நான் படித்தது அந்த வகை. அதை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். என் பாடங்களை வேறு கண்ணால் பார்க்கக் கற்றுத்தந்தது அது. பல பல்கலைக்கழகங்களில் அதில் கிடைக்கும் கிரெடிட்டை பின்னால் முதுநிலைப் பட்டத்தோடு சேர்த்துக்கொள்ளவும் முடியும். ஆனால் 'இதை முடித்தால் லண்டன் பள்ளியில் வேலை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஐகியூடிஎஸ் புதியது. பிரிட்டிஷ் கல்வித் துறை 2022இல் முன்னோட்டமாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு விரிவாக்கியது. வெளிநாட்டில் இருப்பவர் அந்த நாட்டுப் பள்ளியிலேயே, வழிகாட்டி ஆசிரியரின் கண்காணிப்பில் பயிற்சி பெற்று முடிக்கலாம். கியூடிஎஸ்ஸுக்குச் சமமாக அதை ஏற்கிறார்கள். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறீர்கள், அந்தப் பள்ளியும் ஒத்துழைக்கிறது என்றால், இணையவழிப் படிப்புகளில் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

ஆஸ்திரேலியா, அமெரிக்கா?

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் சில இணையத்தில் ஆசிரியர் முதுநிலைப் பட்டம் நடத்துகின்றன, தரமானவை. ஆனால் பயிற்சி நாள்களில் பெரும்பகுதியை ஆஸ்திரேலியப் பள்ளிகளில்தான் கழிக்க வேண்டும். அமெரிக்காவில் ஆசிரியர் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அங்கே குடியேறப் போவதில்லையென்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வேலையை விடாமல், சிங்கப்பூரிலேயே தமிழ் படிக்க வழி உண்டா?

உண்டு. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியத்தில் பகுதிநேர இளநிலைப் பட்டம் இருக்கிறது. யூனிசிம் என்ற பழைய பெயரில் பலருக்கும் தெரிந்திருக்கும், 2017இல் தன்னாட்சிப் பல்கலைக்கழகமானது. வேலை செய்பவர்களை மனத்தில் வைத்து அமைத்த படிப்பு அது. அதுவே ஆசிரியர் தகுதி ஆகிவிடாது. ஆனால் தமிழாசிரியர் ஆக விரும்பி, கையில் வேறு துறைப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர்களுக்குத் தமிழில் அடித்தளம் வேண்டுமே, அதை இங்கேயே போடலாம்.

அப்புறம், பீட்டி சாலையிலிருக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தமிழாசிரியர்கள் கூடிக் கற்றுக்கொள்ளும் இடம். 1951இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கத்தின் பொது நிகழ்ச்சிகளுக்கும் போய் உட்காருங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காதால் கேட்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

பாலர் பள்ளி ஆசிரியராக வேண்டுமானால்?

அது தனி வழி. பாலர் பள்ளிகளை மேற்பார்ப்பது ஈசிடிஏ என்ற அரசு அமைப்பு. அது ஏற்கும் பாலர் கல்விச் சான்றிதழோ பட்டயமோ இருந்தால்தான் அங்கே ஆசிரியராகப் பதிய முடியும். வெளிநாட்டு இணையப் பட்டயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இடத்தை நிரப்பாது. 2019இல் தொடங்கிய தேசியப் பாலர் பருவ மேம்பாட்டுக் கழகத்தில் முதலில் விசாரியுங்கள். தமிழ் பேசும் பாலர் பள்ளி ஆசிரியர்கள் இன்னும் நிறையப் பேர் வரவேண்டும் என்பது என் ஆசை. மூன்று வயதில் காதில் விழும் தமிழ்தான் எட்டு வயதில் என் வகுப்புக்கு வருகிறது.

நான் கணவரின் வேலையை ஒட்டி டிபி அட்டையில் இருக்கிறேன். படித்து முடித்தால் வேலை செய்யலாமா?

படிக்கலாம். வேலை செய்ய அந்த அட்டை மட்டும் போதாது. முன்பு அனுமதிக் கடிதம் ஒன்று வாங்கினால் போதும் என்றிருந்தது. 2021 மே 1 முதல் அது மாறிவிட்டது. வேலை தரும் பள்ளி உங்களுக்கென்று தனியாக ஒரு வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அட்டைக்கான சம்பள, தகுதி நிபந்தனைகளும் பொருந்த வேண்டும். இது தெரியாமல் பத்து மாதம் படித்து முடித்த ஒரு தங்கை, வேலை கிடைத்தும் சேர முடியாமல் என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அழுதது எனக்கு மறக்காது.

அந்த வேலை அனுமதி அட்டை எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்றால் இன்னொன்றும் உண்டு. 2023 செப்டம்பரிலிருந்து புள்ளி முறை வந்திருக்கிறது. பட்டத்துக்குப் புள்ளி கேட்டால், அந்தப் பட்டம் உண்மையானது என்று சரிபார்த்த சான்றையும் காட்ட வேண்டும். ஆகவே எங்கே படிப்பது என்பது உங்கள் வேலை அனுமதியையும் பாதிக்கும்.

வீட்டிலேயே நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் காசு வாங்கினால் யாருக்குத் தெரியும் என்று சிலர் கேட்கிறார்கள். செய்யாதீர்கள். அனுமதியில்லாத வேலை குடும்பத்தின் அட்டையையே ஆட்டிவிடும். காசு வாங்காமல் தொண்டூழியமாகச் செய்ய நினைத்தாலும் மனிதவள அமைச்சின் விதியைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

துணைப்பாட நிலையம் வைக்கப் பட்டம் வேண்டுமா?

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் என்றால் கல்விச் சட்டத்தின்கீழ் கல்வி அமைச்சில் பதிய வேண்டும், கற்பிப்பவர்களும் பதிய வேண்டும். வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில், சொல்லிக்கொடுப்பதென்றால் ஒரே நேரத்தில் மூன்று மாணவர்தான். ஆசிரியர் பட்டம் கட்டாயமில்லாத இடம் இது. ஆனாலும் படியுங்கள் என்றுதான் சொல்வேன். பிள்ளை ஏன் தப்புச் செய்கிறது என்று பார்க்கத் தெரியாமல், பயிற்சித்தாளை மேலும் மேலும் அடுக்குவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

போலிப் படிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

இப்போது நான் ஏமாந்த கதை. முகநூல் விளம்பரம் ஒன்று. 'சர்வதேச ஆசிரியர் பட்டயம், 11 மாதம், வீட்டிலிருந்தே'. பேசிய பெண் அவ்வளவு அன்பாகப் பேசினார், "அக்கா, உங்களுக்காக ரெண்டு நாள் சலுகையை நீட்டிச்சு வச்சிருக்கேன்" என்றார். கட்டினேன். வாரம் ஒரு காணொளி, கடைசியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு தேர்வு. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்! 11 மாதம் கழித்துத் தங்க நிற ஓரம் போட்ட சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஒரு பள்ளிக்குப் போனேன். அந்தப் பள்ளி முதல்வர் அதை இரண்டு நொடி பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "நீங்கள் பாடம் எடுத்ததை யார் பார்த்தது?" என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் இப்போது எல்லாருக்கும் கொடுக்கிறேன். சேர்வதற்கு முன் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: என் பாடத்தை யார், எத்தனை முறை கவனிப்பார்? அவருக்கு என்ன தகுதி? எந்த நாட்டின் எந்த அமைப்பு இந்தப் படிப்பை ஏற்கிறது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிறகு அந்த அமைப்பின் இணையதளத்துக்கு நீங்களே போய், படிப்பின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்திலிருக்கும் இணைப்பைத் தட்டி அங்கே போகாதீர்கள். 2015இல் கராச்சியைச் சேர்ந்த ஒரு நிறுவனம் இல்லாத பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் இணையதளம் நடத்தி, பட்டம் விற்றதை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. அவர்கள் அங்கீகார அமைப்புகளின் பெயரிலும் போலித் தளங்களை வைத்திருந்தார்கள்.

செலவுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தைப் பயன்படுத்தலாமா?

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்பது பயிற்சிக்காக அரசாங்கம் தரும் பணம். குடிமக்களில் 25 வயதானவர்களுக்கு 500 வெள்ளி, 40ம் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதம் கூடுதலாக 4,000 வெள்ளி. இந்த 4,000 குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு மட்டும்தான். மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் உங்கள் படிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் இல்லை. கட்டணத்தைத் தவிர தேர்வுக் கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்பு, பணமாற்று விகிதம், ஊருக்குப் போய்வர விமானம் எல்லாம் சேரும். பயிற்சிக் காலத்தில் சம்பளமில்லா விடுப்பு எடுக்க நேர்ந்தால் அதுவும் செலவுதான். அதை எழுதிப் பார்க்க எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

நேர வேறுபாட்டை எப்படிச் சமாளித்தீர்கள்?

இங்கிலாந்தில் மாலை 6 மணி வகுப்பென்றால் இங்கே கோடையில் இரவு 1 மணி, குளிர்காலத்தில் 2 மணி. எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் கூடத்தை அடுத்த அறையில் தூங்குவார்கள். மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, மைக்கை அணைத்து, கேள்வியைத் தட்டச்சு செய்தே பங்கெடுத்தேன். காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு டப்பா கட்ட வேண்டும். மூன்று மாதம் தாங்கினேன், அப்புறம் பேராசிரியருக்கு எழுதினேன். ஆசியாவில் இருப்பவர்களுக்கென்று காலை நேரப் பிரிவு ஒன்று இருந்ததாம்! முதல் நாளே கேட்டிருக்கலாம். இந்திய வகுப்பென்றால் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம், அது பெரிய தொல்லையில்லை.

ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவது பயமாக இருக்கிறது.

எனக்கும் இருந்தது. இலக்கணப் பிழையைவிட வேறொன்றுதான் என்னைத் தடுக்கியது. நாம் படித்த கல்லூரியில் பெரியவர்கள் சொன்னதை அழகாகத் திருப்பி எழுதினால் மதிப்பெண். இங்கே 'நீ எடுத்த பாடம் எங்கே சறுக்கியது, ஏன், அடுத்த முறை என்ன செய்வாய்' என்று எழுதச் சொல்வார்கள். என் முதல் கட்டுரைக்கு வந்த குறிப்பு: 'இதில் நீங்கள் எங்கே?' அதன்பிறகு ஒவ்வொரு பாடம் முடிந்ததும் எம்ஆர்டி ரயிலில் வீட்டுக்கு வரும்போதே நடந்ததைத் தமிழில் பத்து வரி எழுதிவிடுவேன். ஞாயிறு அன்று அதை ஆங்கிலத்தில் விரிப்பேன். சிந்தனை தமிழில் ஓடட்டும், அது குறையே இல்லை.

வகுப்பறை யார் தருவார்கள்? எனக்கு எந்தப் பள்ளியையும் தெரியாதே.

படிப்பில் சேர்வதற்கு முன் தீர்க்க வேண்டியது இது. பல இணையவழிப் படிப்புகள் 'பள்ளியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்றுதான் சொல்லும். கல்வி அமைச்சுப் பள்ளிக்குள் வெளியார் போய்ப் பயிற்சி எடுப்பது எளிதில்லை. ஆகவே தனியார் பள்ளி, பன்னாட்டுப் பள்ளி, பதிவுபெற்ற நிலையம் என்று தேடி, உதவி ஆசிரியர் வேலையில் முதலில் நுழையுங்கள். சம்பளம் குறைவாக இருக்கலாம். ஆறு மாதம் கழித்து, உங்கள் வேலையைப் பார்த்தபின், கடிதம் கேட்டால் தலைமையாசிரியர் மறுக்க மாட்டார். நான் நுழைந்தது அப்படித்தான். முதல் ஆறு மாதம் புத்தகம் அடுக்கினேன், வண்ணத்தாள் வெட்டினேன், பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப்போனேன். ஒரு வகுப்பு நாள் முழுக்க எப்படி மூச்சுவிடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

46 வயதில் தொடங்கலாமா?

தாராளமாக. எங்கள் பிரிவில் 52 வயதுக்காரர் ஒருவர் இருந்தார், கப்பல் துறையில் வேலை பார்த்தவர். வகுப்பை அவர் அமைதிப்படுத்தும் விதம் எங்கள் யாருக்கும் வராது.

படிப்பு முடிந்தபின் எந்தெந்தத் தாள்களை வைத்திருக்க வேண்டும்?

பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டத்தின் அச்சுப்படி மூன்றும் ஒரே கோப்பில் இருக்கட்டும். இந்தியச் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை வாங்கி வையுங்கள். ஒரு நாட்டின் தாளை மற்ற நாடுகளும் ஏற்க, ஓர் உடன்படிக்கையின்படி தரும் முத்திரை அது. 2021 செப்டம்பர் 16 முதல் சிங்கப்பூரிலும் அந்த உடன்படிக்கை நடப்பில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமான தாள், பயிற்சி பெற்ற பள்ளியின் கடிதம்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த வகுப்பு, எந்தப் பாடம், மொத்தம் எத்தனை நாள், கவனித்தவர் பெயர், கையெழுத்து, பள்ளி முத்திரை. பள்ளியை விட்டு வரும் அன்றே கையில் வாங்கிவிடுங்கள். என் கடிதத்தில் தொடங்கிய தேதி விடுபட்டிருந்ததை இரண்டு ஆண்டு கழித்துத்தான் கவனித்தேன். அதற்குள் தலைமையாசிரியர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். புதியவருக்கு என்னைத் தெரியாது. கோடு போட்ட அந்த நோட்டை வழிகாட்டி ஆசிரியை இன்னும் வைத்திருந்தார். முதல் பக்கத்தில் தேதி இருந்தது. அதைப் பார்த்துத்தான் கடிதத்தைத் திருத்திக் கொடுத்தார்கள்.